டட்சன் 240இசட்: நாலு பெட்டி நிறையப் பாகங்கள், இதில் என் காருடைய அசல் எது?

நீலவண்டி (மெல்போர்ன்)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் மெல்போர்னுக்கு வடக்கே ஒரு வீட்டில் டட்சன் 240இசட் (நிஸான் கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். 1971ல் பதிவான கார், வலது பக்க ஸ்டீயரிங், சேஸிஸ் எண் எச்எஸ்30 என்று தொடங்குகிறது. காரை வைத்திருந்தவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அவருடைய மனைவி ஷெட்டில் இருந்த நாலு மரப்பெட்டிகளையும் சேர்த்து எடுத்துப் போகச் சொன்னார். "அவர் ஒரு காரணம் இல்லாம எதையும் வச்சிருக்க மாட்டார், எது எதுக்குன்னுதான் எனக்குத் தெரியாது" என்பது போல அந்த அம்மா சொன்னது மனதில் நின்றுவிட்டது. அதனால் ஒரு நட்டைக்கூட நான் இன்னும் வெளியே போடவில்லை.

என் அப்பா திருப்பூரில் ஜூகி தையல் மெஷின் மெக்கானிக். ஒரு பார்ட்டைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இது கம்பெனி பார்ட், இது டூப்ளிகேட் என்று சொல்லிவிடுவார். அந்த விரல் எனக்கு வரவில்லை. கார் விஷயத்தில் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

பெட்டிகளில் இருப்பதைச் சொல்கிறேன். இரண்டு ஜோடி கார்பரேட்டர். ஒரு ஜோடிக்கு மேல் மூடி குவிந்து மணி மாதிரி இருக்கிறது, இன்னொரு ஜோடிக்குத் தட்டையாக இருக்கிறது. ஒரு சிலிண்டர் ஹெட் (என்ஜினின் மேல்பகுதி), அதில் இ31 என்று வார்ப்பிலேயே எழுத்து. "240இசட்" என்று குரோம் எழுத்தில் இரண்டு எம்பளம், பின்பக்கம் ஊசி மாதிரி பின்கள். நாலு பிஸ்டன் வைத்த பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இரண்டு, அதில் எம்கே63 என்று இருக்கிறது. எட்டு ஸ்போக் வைத்த பதினாலு அங்குல வீல் ஒன்றே ஒன்று. அதோடு கட்டியிருந்த அட்டையில் "432 மேக்" என்று பேனாவால் எழுதியிருக்கிறார். பெட்டிக்கு வெளியே, சுவரில் சாய்த்து வைத்த பின்கதவு ஒன்று. அதில் கண்ணாடிக்குக் கீழே இரண்டு காற்றுத் துளைப் பட்டைகள். இப்போது காரில் இருக்கும் கதவில் அவை கிடையாது. காரின் பக்கத் தூணில் (பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் பகுதி) இருப்பதும் வட்டமான "இசட்" எம்பளம்தான்.

காரில் உள்ள ஹெட்டில் இ88 என்று இருக்கிறது.

என் கேள்வி இதுதான். பெட்டியில் இருப்பது இந்தக் காரிலிருந்து கழற்றியதா, அவர் வெளியே வாங்கிச் சேர்த்ததா? எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கார் ஃபேக்டரியை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவர விரும்புகிறேன். விற்கும் எண்ணம் இல்லை. அடுத்த வாரம் எல்லாவற்றையும் மணல் வீசித் தேய்க்கும் பிளாஸ்டிங் கடைக்குக் கொடுத்துச் சுத்தம் செய்துவிட்டு ஒவ்வொன்றாகப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பதினாலு ஸ்பேனர் (சிங்கப்பூர்)

வாழ்த்துகள் ப்ரோ! பெரிய புதையல் கிடைச்சிருக்கு.

முதல் சீரிஸ் 240இசட்டுக்கு அடையாளம் ரெண்டு: பின்கதவுல காற்றுத் துளை, பக்கத் தூண்ல "240இசட்" எழுத்து. 1971 ஆரம்பத்துல அதை மாத்தி, கதவுல துளையை எடுத்துட்டு, தூண்ல வட்ட எம்பளத்தோட காற்று வழி வச்சாங்க. உங்ககிட்ட துளை வச்ச கதவும் இருக்கு, எழுத்து எம்பளமும் இருக்கு, இ31 ஹெட்டும் இருக்கு. மூணும் முதல் சீரிஸ் சாமான். அப்போ உங்க கார் முதல் சீரிஸ்தான், யாரோ பின்னாடி மாத்தியிருக்காங்க. எல்லாத்தையும் திருப்பி மாட்டிடுங்க. முதல் சீரிஸுக்கு மதிப்பே வேற.

மொறிஸ்மைனர் (சிட்னி)

தம்பி நீலவண்டி, முதல் ஒரு விஷயம். நான் எழுதுறதை முழுக்க வாசிக்க நேரம் இல்லாட்டிலும் இதை மட்டும் கேளுங்கோ. பெட்டிக்குள்ள இருக்கிற ஒண்டையும் கழுவாதேங்கோ. பெற்றோல் வேண்டாம், தின்னர் வேண்டாம், வயர் பிரஷ் வேண்டாம். பிளாஸ்ரிங் கடைப் பக்கம் போகவே வேண்டாம். இருக்கிற ஊத்தையோட படம் எடுங்கோ. ஊத்தைக்குள்ளதான் நீங்கள் தேடுற பதில் இருக்குது.

இதை நான் பட்டுத்தான் சொல்லுறன். 1993இல என்ர கராஜுக்கு ஒரு 240இசட் வந்தது. அந்த மனுசனைச் சந்தோசப்படுத்த வேணும் எண்டு கார்பரேற்றர் ரெண்டையும் மணல் அடிச்சு, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுக்கிக் குடுத்தனான். ஃபக்ரறியில பரிசோதிச்சவன் வைச்ச மஞ்சள் பெயின்ற் பொட்டு, ஸ்குரூவில இருந்த பொன்நிறப் பூச்சு எல்லாம் அதோட போட்டுது. சில வருசத்துக்குப் பிறகு அவர் காரை விக்கேக்க, வாங்க வந்தவன் "இது கார் பிறந்தபோது இருந்த சோடியா, கடையில வாங்கினதா" எண்டு கேட்டிருக்கிறான். காட்ட ஒரு தடயமும் மிஞ்சேல்லை. அழிச்சது என்ர கை. இண்டைக்கும் அந்த நினைவு மனசைச் சுடும்.

ரெண்டாவது, சிங்கப்பூர்த் தம்பி சொன்ன அடையாளங்கள் சரி, முடிவு பிழை. பெட்டிக்குள்ள முதல் சீரிஸ் சாமான் இருக்குது எண்டதுக்காக கார் முதல் சீரிஸ் ஆகாது. சாமானைப் பாத்துக் காரைத் தீர்மானிக்கிறதில்லை. காரை வடிவாய் வாசிச்சுப்போட்டுத்தான் சாமானுக்கு வரவேணும்.

எச்எஸ்30 எண்டால் வலப்பக்க ஸ்ரியரிங் ஏற்றுமதிக் கார். அமெரிக்காவுக்குப் போனது எச்எல்எஸ்30. இதைச் சொல்லக் காரணம், படங்களும் குறிப்புகளும் முக்கால்வாசி அமெரிக்கக் காரைப் பற்றினது. அங்க நாலு கியர்ப் பெட்டி வந்தது, இங்க ஒஸ்ரேலியாவுக்கு அஞ்சு கியர். அவையின்ர பட்டியலை வைச்சுக்கொண்டு உங்கட காரில குறை பிடிக்காதேங்கோ.

பொனற்றைத் திறந்து, தடுப்புச் சுவரில அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பரை எடுங்கோ. என்ஜின் அறையில அலுமினியப் பிளேற் இருக்கும், அதில என்ஜின் நம்பரும் இருக்கும். பிறகு என்ஜினிலயே பாருங்கோ: வலப்பக்கம், ஹெட்டுக்குக் கீழ, தடுப்புச் சுவருக்குக் கிட்ட, மட்டமாய்ச் சீவின ஒரு சின்ன இடத்தில எல்24 எண்டு தொடங்கி நம்பர் அடிச்சிருக்கும். பிளேற்றும் பிளொக்கும் ஒத்துப் போனால் பாதிக் கவலை தீரும். எத்தினையோ 240இசட்டில இண்டைக்கு இருக்கிறது எல்28, பிறகு வந்த 280இசட்டின்ர என்ஜின். 2393 சிசி இருந்த இடத்தில 2753 சிசி. ஓட நல்லாய்த்தான் ஓடும், ஆனால் நீங்கள் கேக்கிறது அதில்லை.

நம்பர் அடிச்ச இடத்தை லைற்றைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்கோ. கிரைண்டர் ஓடின கீறலுக்கு மேல எழுத்து இருந்தால் சந்தேகம்.

இனி பக்கத் தூண். வட்ட எம்பளத்தை மெதுவாய் எடுத்துப்போட்டு உள்ளுக்க விரலை விடுங்கோ. உங்கட அப்பா செய்ததைத்தான் நீங்களும் செய்யப் போறியள். பிரெஸ்ஸில அடிச்ச துவாரம் எண்டால் ஓரம் ஒரே மாதிரி, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. பிறகு ஆரோ வெட்டினது எண்டால் ஓரம் கையில கீறும், வலமும் இடமும் ஒண்டுக்கொண்டு ஒத்து வராது. காந்தம் ஒண்டை மெல்லிய துணியில சுத்தி அந்த இடத்தைச் சுத்தித் தடவுங்கோ. பின் துளைகளைப் புட்டி வைச்சு அடைச்சிருந்தால் அந்த இடத்தில காந்தத்தின்ர பிடி தளரும். பழைய எழுத்து எம்பளத்துக்குப் பின் துளை வேணும். துளை இருந்த தடமே இல்லாட்டி அந்த எம்பளம் உந்தக் காரில ஒருநாளும் இருக்கேல்லை.

கார்பரேற்றருக்கு வாறன். இதில எனக்குக் கொஞ்சம் கூடக் கதைக்க ஆசை.

நான் 1978இல யாழ்ப்பாணத்தில வேலை பழகினனான். முதல் கழட்டினது மொறிஸ் மைனரின்ர எஸ்யூ கார்பரேற்றர். இங்க வந்து முதல்முதல் 240இசட் பொனற்றைத் திறந்தபோது ஊர்ச் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. ஹிற்றாச்சிக்காரன் எஸ்யூவிட்ட உரிமம் வாங்கிச் செய்தது அது. அதே குவிஞ்ச மூடி, அதே பிஸ்ரன், அதே ஊசி. உங்கட மணி மாதிரி மூடிச் சோடி 1970 தொடக்கம் 72 வரை வந்த வகை. மூடியைப் பிடிக்கிற ஸ்குரூவை எண்ணுங்கோ. நாலு எண்டால் 1970, 71. மூண்டு எண்டால் 72. தட்டை மூடிச் சோடி 1973 மொடலோட வந்தது, புகைக் கட்டுப்பாட்டுக்காகச் செய்தது. அது உங்கட காரில பிறந்ததாய் இருக்க ஏலாது.

ஒரு கெஞ்சுதல்: ரெண்டு கார்பரேற்றரையும் ஒண்டாய்க் கழட்டி ஒரே தட்டில போடாதேங்கோ. மூடியும் பிஸ்ரனும் சோடி சேர்த்துச் செய்தது. மாறினால் பிஸ்ரன் இறுகும். மூடியைப் பூட்டி, பிஸ்ரனை விரலால் தூக்கி விட்டால் "டிக்" எண்டு சத்தத்தோட கீழ விழவேணும்.

அந்த ஸ்குரூக்களையும் பாருங்கோ. ஜப்பான் ஸ்குரூத் தலையில சிலுவை வெட்டுக்குப் பக்கத்தில சின்னதாய் ஒரு பொட்டுக் குழி இருக்கும். வெட்டின்ர கோணமும் வேற, சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில வழுக்கித் தலையைத் தின்னும். தலை தின்னுப்படாமல், பொட்டோட, மங்கின பொன்நிறத்தோட இருந்தால் அதிகம் கை படாத சாமான்.

போல்ற்றும் அப்பிடித்தான். ஜப்பான் காரில 8 மில்லிமீற்றர் போல்ற்றுக்குத் தலை 12. 10 மில்லிமீற்றருக்குத் தலை 14, புரி இடைவெளி 1.25. ஐரோப்பியப் போல்ற்றில அதே அளவுகளுக்குத் தலை 13உம் 17உம், 10 மில்லிமீற்றரின்ர புரி 1.5. ஆகவே ஸ்பனர் பெட்டியைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒவ்வொண்டாய்ப் பொருத்திப் பாருங்கோ. 13 பிடிக்கிற இடம், அரை அங்குலம் பிடிக்கிற இடம் எல்லாம் பிறகு ஒரு கை பூந்த இடம்.

ஹெட் கஷ்டமான கேள்வி. இ31 வந்தது 1970இலயும் 71இன்ர முற்பகுதியிலயும். எரி அறை கொஞ்சம் சின்னன், அதால அமுக்கம் கூட. இ88 அதுக்குப் பிறகு. ஹெட்டில காரின்ர நம்பர் அடிக்கிறேல்லை, அதால நம்பரை வைச்சுச் சோடி சேர்க்க ஏலாது. ஹெட்டைத் திருப்பி, காஸ்கெற் பட்ட முகத்தைப் படம் எடுத்துப் போடுங்கோ. பழைய சொந்தக்காரர் ஏதும் எழுதி வைச்சவரோ? உப்பிடிப் பெட்டி கட்டி வைக்கிற மனுசன் கொப்பியும் வைச்சிருப்பார். அந்த அம்மாவிட்ட மரியாதையாய்க் கேட்டுப் பாருங்கோ.

காருக்குக் கீழயும் ரெண்டு இடம் பாருங்கோ. கியர்ப் பெட்டியின்ர மணி மாதிரி முன்பகுதி தனியாய்ப் போல்ற் போட்டுப் பூட்டியிருந்தால் ஏ வகை, பழசு. முழுக்க ஒரே வார்ப்பு எண்டால் பி வகை, பிறகு வந்தது. பின் சில்லுகளுக்குச் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியலைப் பின்பக்கம் தாங்குற குறுக்குச் சட்டம் நேராய் இருந்தால் 1971 நடுப்பகுதிக்கு முந்தினது. அதுக்குப் பிறகு டிஃபரன்ஷியலை 35 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினவை, அதில சட்டம் வளைஞ்சு வரும்.

காலிப்பரையும் வீலையும் பற்றிப் பிறகு எழுதுறன். அதுக்கு முதல் ஒரு வேலை: வீலின்ர உள்பக்கம் பெயின்ற் இல்லாத இடத்தில ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கோ. நுரைச்சால் மக்னீசியம். நுரைச்சால் அதைத் தேய்க்கவோ கிரைண்டர் பிடிக்கவோ வேண்டாம். அந்தத் தூள் தீப்பிடிக்கும், தண்ணி ஊத்தினால் இன்னும் மோசமாய் எரியும்.

நீலவண்டி

ஐயா, பிளாஸ்டிங் கடைக்குக் கொடுத்த தேதியை ரத்து செய்துவிட்டேன். நீங்கள் எழுதியதை அச்செடுத்து ஷெட் சுவரில் ஒட்டிவைத்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் காரோடுதான் இருந்தேன்.

என்ஜின் நம்பரும் பிளேட்டும் ஒத்துப்போகின்றன. எல்24தான். எழுத்து விழுந்த இடத்தில் கிரைண்டர் கீறல் எதுவும் இல்லை. அதைப் பார்த்த நிமிஷம் எனக்குக் கை நடுங்கியது.

தூணில் இருந்த வட்ட எம்பளத்தைப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் அறுத்து எடுத்தேன். உள்ளே துவாரத்தின் ஓரம் இரு பக்கமும் ஒரே மாதிரி, வழவழப்பாக இருக்கிறது. காந்தம் எங்கேயும் தளரவில்லை. பின் துளைகளின் தடமும் இல்லை. அப்படியானால் என் கார் இரண்டாம் சீரிஸ், சரிதானே? சொல்ல வருத்தமாக இல்லை. உண்மை தெரிந்ததே நிம்மதி.

மணி மூடிக் கார்பரேட்டரில் நாலு ஸ்குரூ. எட்டில் ஏழு ஸ்குரூவில் அந்தப் பொட்டு இருக்கிறது. பிஸ்டன் இரண்டும் "டிக்" என்கின்றன. ஒன்றின் மூடி ஓரத்தில் கடுகளவு மஞ்சள் பெயிண்ட்! போன வாரம் கொடுத்திருந்தால் அது போயிருக்கும்.

கியர்பாக்ஸ் ஒரே வார்ப்பு, அதாவது பி வகை. டிஃபரன்ஷியல் சட்டம் நேராக இருக்கிறது.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். நோட்டு இருக்கிறது! போய் வாங்கி வந்தேன். நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு, 1979லிருந்து எழுதியிருக்கிறார். 1983 ஜனவரியில் ஒரு பதிவு: சீமோர் பக்கம் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து என்ஜின் கொதித்தது, ஹெட் வளைந்துவிட்டது, பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து வேறு ஹெட் வாங்கி மாட்டினேன், "பழையதை வைத்துக்கொள்" என்று தனக்குத்தானே எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். 1986ல் கியர்பாக்ஸ் மாற்றியது இருக்கிறது. பின்கதவையும் எம்பளத்தையும் 1990ல் மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து வாங்கியிருக்கிறார். விலை முதற்கொண்டு எழுதியிருக்கிறார்.

வீலில் வினாகிரி விட்டேன். பத்து நிமிஷம் பார்த்தேன், நுரை வரவில்லை. காலிப்பரில் இரண்டு பாதியையும் இணைக்கும் போல்ட் தலைக்கு 13 ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்கிறது. நோட்டில் காலிப்பர் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒரு சீட் பெல்ட்டின் அடியில் தைத்த துணிச் சீட்டு இருக்கிறது. ஜப்பானிய எழுத்துக்கு நடுவே 45, 11 என்று எண்கள். இது என்ன?

யோகோஹாமா வாசி

அந்தச் சீட்டுக்கு நான் பதில் சொல்கிறேன். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், பழைய பாகங்களுக்காகக் கடை கடையாகச் சுற்றுவதுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை.

45 என்பது ஷோவா ஆண்டு. ஷோவா கணக்கோடு 1925ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். 45ம் 1925ம் 1970. பக்கத்தில் 11 என்பதால் 1970 நவம்பர். அந்தக் கால ஜப்பானியப் பாகங்களில் இந்த மாதிரித் தேதி நிறையக் கிடைக்கும். 1971ல் பதிவான காரில் 1970 நவம்பர் பெல்ட் என்றால் அது காரோடு பிறந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். இதே காரில் 48 என்று ஒரு பாகம் இருந்தால், அது எவ்வளவு நல்ல நிஸான் பாகமாக இருந்தாலும் பிறகு வந்தது.

இன்னொன்று. இங்கே விற்பவர்கள் மூன்று வார்த்தைகளைப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். நம் ஆட்கள் மூன்றையும் "ஒரிஜினல்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். "ஜுன்செய்" என்றால் கார் கம்பெனியே விற்ற பாகம். "ஷகாய்ஹின்" என்றால் வெளிக் கம்பெனி செய்தது. "தோஜிமோனோ" என்றால் அந்தக் காலத்திலேயே செய்தது. கம்பெனியுடையதாகவும் இருக்கலாம், வெளியாருடையதாகவும் இருக்கலாம். 1972ல் ஒரு பந்தயக்கார இளைஞன் வாங்கி மாட்டிய வெளிக் கம்பெனி வீல் தோஜிமோனோ, ஆனால் ஜுன்செய் இல்லை. போன வருஷம் நிஸான் பெட்டியில் வாங்கிய பாகம் ஜுன்செய், ஆனால் தோஜிமோனோ இல்லை. ஏலப் பக்கங்களில் தேடும்போது இந்த வேறுபாடு தெரியாவிட்டால் காசு போய்விடும்.

நிஸான் பாக எண் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து இலக்கம், ஒரு கோடு, மறுபடி ஐந்து. முதல் ஐந்து என்ன சாமான் என்று சொல்லும், பின் ஐந்து எந்த வடிவம் என்று சொல்லும். 15208 என்றால் ஆயில் ஃபில்டர், 16546 ஏர் ஃபில்டர், 21010 வாட்டர் பம்ப். இன்றைக்கு ஓடும் நிஸானிலும் அதே எண்தான், உங்கள் தெருவில் நிற்கும் ஏதாவது நிஸானில் சரிபார்க்கலாம். 240இசட்டின் பாகங்களில் பின் ஐந்து பெரும்பாலும் இ41 என்று தொடங்கும். பெட்டியில் அட்டை டப்பாக்கள் இருந்தால் எண்ணைப் பாருங்கள்.

பேரைப் பார்ப்பதும் உதவும். மின்சாரச் சாமான்களில் ஹிட்டாச்சி முத்திரை வட்டமாக, நாலு பக்கமும் சின்ன முனை நீட்டிக்கொண்டு இருக்கும். மீட்டர்களில் கான்டோ செய்கி. விளக்குக் கண்ணாடிகளில் கொய்டோ, அல்லது ஐகேஐ என்ற மூன்று எழுத்து, அது இச்சிகோ.

இந்தக் கார் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்றால், 1971ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் வென்ற 240இசட் இங்கே ஸாமாவில் நிஸானின் பழைய கார் சேகரிப்பில் நிற்கிறது. 1973ல் மறுபடி 240இசட் வென்றபோது ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். ஸாமாவில் அந்தக் காருக்கு முன்னால் நின்றபோது இதெல்லாம் நினைவுக்கு வந்து அரை மணி நேரம் நகரவே மனம் வரவில்லை.

மொறிஸ்மைனர்

தம்பி, அந்தக் கொப்பி உங்கட நாலு பெட்டியையும் விடப் பெறுமதி. முதல் அதை ஸ்கான் பண்ணி ரெண்டு இடத்தில வையுங்கோ.

இப்ப எல்லாம் ஒண்டோட ஒண்டு பொருந்துது பாருங்கோ. பெல்ற் 1970 நவம்பர். கார் 71இன்ர தொடக்கம். தூணில பிரெஸ் துவாரம், அதால ரெண்டாம் சீரிஸின்ர முதல் கார்களில ஒண்டு. நேர்ச் சட்டம், நாலு ஸ்குரூக் கார்பரேற்றர் ரெண்டும் அந்தக் காலத்துக்குச் சரி. இ31 ஹெட்டும் சரி, கொப்பியிலயே இருக்குது. அது உங்கட காரின்ர சொந்த ஹெட்.

ஆனால் ஆசைப்பட்டு உடன பூட்டாதேங்கோ. கொதிச்சு வளைஞ்ச ஹெட் அது. நல்ல மெஷின் ஷொப்பில குடுத்து, முகத்தில நேர்கோல் வைச்சு எவ்வளவு வளைவு எண்டு அளந்து, தண்ணிப் பாதையில அமுக்கம் குடுத்து வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. முகத்தை மட்டும் சீவி நேராக்கித் தந்தால் வாங்காதேங்கோ. கீழ வளைஞ்ச ஹெட்டில, வால்வுகளைத் திறக்கிற கேம் ஓடுற மேல்வரியும் வளைஞ்சிருக்கும். கேம் ஷாஃப்ற்றை உள்ள வைச்சுக் கையால சுத்த, இறுகாமல் சுத்த வேணும். இல்லாட்டி கேம் முறியும். சீவினால் எரி அறை இன்னும் சின்னனாகும், செயின் தளரும். எவ்வளவு சீவினது எண்டு எழுதி வாங்குங்கோ.

வீல். நுரைக்கேல்லை எண்டால் அது அலுமினியம். "மேக்" எண்டது மக்னீசியம். 432 எண்டது ஜப்பானில மட்டும் வித்த ஒரு இசட் வகை: சிலிண்டருக்கு நாலு வால்வு, மூண்டு கார்பரேற்றர், ரெண்டு கேம். எஸ்20 என்ஜின், 1989 சிசி, 160 குதிரை வலு, மிக்குனி சொலெக்ஸ் மூண்டு. மொத்தம் நானூற்றிச் சொச்சம்தான் செய்தவை. அதுக்கு வந்த மக்னீசிய வீலைச் செய்தது கோபே செய்கோ. அட்டையில மனுசன் எழுதினது அவரின்ர நம்பிக்கை. அவரிட்ட வித்தவன் அப்பிடிச் சொல்லியிருப்பான்.

காலிப்பர். எம்கே63 எண்டது சுமித்தோமோ செய்த நாலு பிஸ்ரன் காலிப்பர், பந்தயக் கார்களுக்கு. உங்கட காரோட வந்தது அதே கம்பெனியின்ர ரெண்டு பிஸ்ரன் வகை. இப்ப எம்கே63ஐப் பார்த்துச் செய்த புதுக் காலிப்பர்கள் நிறைய வருது. 13 தலைப் போல்ற் இருக்கிறபடியால் உங்கட சோடி அந்தப் புது வகை எண்டுதான் நான் நினைக்கிறன். வார்ப்பின்ர தோலையும் பாருங்கோ, ஐம்பது வருசச் சாமானில மூலைகள் மழுங்கியிருக்கும். புதுசு எண்டதுக்காகக் கெட்ட சாமான் இல்லை. பிரேக்குக்கு நல்லாய் இருந்தால் பூட்டலாம். பழசு எண்டு மட்டும் ஆருக்கும் சொல்லாதேங்கோ.

கடைசியாய்ப் பின்கதவு. துளை வைச்ச கதவு உங்கட காருக்குச் சொந்தமில்லை. அதைப் பூட்டினால் உங்கட காரும் பொய் சொல்லும், கதவும் பொய் சொல்லும். கண்ணாடியில வெப்பக் கம்பி நெடுக்காய் ஓடுதோ, குறுக்காய் ஓடுதோ? நெடுக்காய் எண்டால் ஆகப் பழைய வகை, கிடைக்கிறது அருமை.

நீலவண்டி

நெடுக்காகத்தான் ஓடுகிறது ஐயா. பதினோரு கோடு எண்ணினேன். கீழே ஒரு ஓரத்தில் மட்டும் துரு, மற்றபடி திடமாக இருக்கிறது.

கதவையும் எம்பளங்களையும் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அடிலெய்டில் முதல் சீரிஸ் எச்எஸ்30 ஒன்றைச் சீர் செய்யும் ஒருவர் இரண்டு வருஷமாக இதையே தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். நோட்டில் இருக்கும் 1990 விலைக்கே தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

இ31ஐ இன்று காலை மெஷின் ஷாப்பில் கொடுத்தேன். கேம் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்காமல் எதுவும் சீவ வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கழுவவில்லை. கார்பரேட்டர் இரண்டும் தனித்தனித் தட்டில், மூடியோடு, அந்த மஞ்சள் பொட்டோடு அப்படியே இருக்கின்றன. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். ஸ்குரூவைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஜூகி தலையிலயும் இதே பொட்டு இருக்கும்டா" என்றார்.

ஏ வகை அஞ்சு கியர் பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முன்பகுதி தனியாகப் பூட்டியது, கழுவாதது.